முதல் ரசீது என் பேரில்

சென்ற மாதம் திவ்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்றதும் என் வேலைக்கு வந்தவர். சின்ன வயது, கெட்டிக்காரி. நான் அரை மணி நேரம் சொல்வதை அரை வரியில் சொல்லி முடித்துவிடுவார்.

"சார், நம்ம புராஜெக்ட் ஒரே மத்தியானத்துல முடிஞ்சுபோச்சு" என்றார். குரலில் சந்தோஷத்தைக் காணோம்.

விஷயம் இதுதான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், ஒரு மூடிப்போன டியூஷன் சென்டரின் மாடியில் எங்கள் அறக்கட்டளை முதியோர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வரும் பெரியவர்களுக்கு அங்கே பாடப்புத்தகம் கிடையாது. ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்கு நிதி திரட்ட வேண்டும். அந்த நிதி திரட்டல்தான் பாடம். நோட்டீஸ் எழுதுவது, அனுமதி கேட்டு மனு போடுவது, தெரியாதவர் வீட்டு மணியை அடித்துப் பேசுவது, ரசீது எழுதுவது, கடைசியில் நன்றிக் கடிதம் என்று எல்லாம் அதிலேயே வந்துவிடும். இந்த முறை யாரோ ஒருவரின் மகன் செல்போனில் ஒரு லிங்க் தயார் செய்து, மேடவாக்கம் அடுக்குமாடி வாட்ஸப் குழுக்களில் தட்டிவிட்டிருக்கிறான். மாலை டீ வருவதற்குள் கேட்ட தொகை வந்து சேர்ந்துவிட்டது.

"பணம் வந்துடுச்சு சார். பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மீதி நாளெல்லாம் எதை வெச்சு சொல்லிக் குடுக்கறது? புது டீச்சர்ஸுக்கு ஒரு ட்ரெயினிங் வெச்சிருக்கோம். நீங்க வந்து உங்க அனுபவத்தைப் பேசணும்."

பேசக் கூப்பிட்டு நான் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. சமையலறையில் என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. "எழுதி எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா அந்தப் பசங்க ரிட்டயர் ஆயிடுவாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் தனியார் பள்ளியில் தமிழாசிரியர். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். என்னால் அல்ல என்றுதான் இன்றும் நம்புகிறேன். பிறகு இந்த அறக்கட்டளைக்கு வந்தேன். பயிற்சி கொடுத்தார்கள். பெரியவர்களைக் குழந்தைகள் போல நடத்தக் கூடாது என்று அதில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் அழகாகக் குறிப்பு எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு முதல் நாள் வகுப்பில் போய், பழக்க தோஷத்தில் மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தினேன். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது பற்றிய பாடம். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைவிடப் பெரியவர்கள். யார் யாரைக் கும்பிடுவது என்று வகுப்பே என்னைப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் நானே எழுந்து கும்பிட்டேன். அவர்களும் எழுந்து கும்பிட்டார்கள். அத்தோடு வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பத்மாசனி மேடம். எங்கள் தலைமை ஒருங்கிணைப்பாளர். இந்த நிதி திரட்டல் முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் பெரிய ரெக்சின் பை. தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, சத்தமில்லாமல் மாடியேறி, கடைசி பெஞ்சில் உட்காருவார். வகுப்பு நடக்கும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் அளவுக்கு மீறிப் பேசுகிறேன் என்று தோன்றினால், எழுந்து நேராக என்னிடம் வந்து, பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கையில் வைப்பார். மேலதிகாரி கொடுப்பதை மறுக்க முடியுமா? பிரித்து வாயில் போட்டுக்கொள்வேன். மிட்டாய் கரையும்வரை என்னால் பேச முடியாது. அதற்குள் வகுப்பில் வேறு யாராவது பேசத் தொடங்கியிருப்பார்கள். தொடக்கத்தில் இதை அவருடைய அன்பு என்று நினைத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் விளக்கினாள்.

மேடம் வைத்த விதிகள் சில உண்டு. எதற்காக நிதி என்பதை வகுப்பே முடிவு செய்யும். ஆசிரியருக்கு ஓட்டு இல்லை. வெளியே போய்க் கேட்பதற்கு முன்னால் வகுப்பிலேயே ஒருவர் வீட்டுக்காரராகவும் மற்றவர் கேட்பவராகவும் பழக வேண்டும். முதல் நன்கொடை ஆசிரியருடையதாக இருக்க வேண்டும். அதற்கான முதல் ரசீதைக் கற்பவர்கள்தான் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கற்பவர் எழுதியதில் ஆசிரியர் பேனா படக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு எமனாக வாய்த்தது. என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். தப்பைக் கண்டால் என் கை தானாகப் போய் அதை எடுக்கும். கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல் மெனு, மளிகைக் கடை போர்டு எதையும் நான் விட்டதில்லை. என் மனைவி எழுதி வைக்கும் மளிகைச் சீட்டையும் திருத்தியிருக்கிறேன். அந்த வாரம் பருப்பு வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த அணி. அதில் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் காதர் பாய். சேலையூரில் பழைய டயர் வியாபாரம். எழுத்து தெரியாமலேயே இத்தனை காலம் கடை நடத்தியவர். "பசங்க இங்கிலீஷ்ல சிரிக்கிறாங்க சார், எனக்கு என்னன்னே புரியல" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இன்னொருவர் காமாட்சி. மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் துப்புரவு வேலை. கணவர் ஏழுமலை பெயிண்டர். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மகள். காமாட்சி என்னை 'நீ' என்றுதான் பேசுவார். ஆனால் ஒவ்வொரு 'நீ'க்கும் பின்னால் ஒரு 'சார்' தவறாமல் வரும், கணக்கு நேராகிவிடும். போர்டில் எழுதிப்போட்டால் அச்சடித்தது போல நோட்டில் எழுதிவிடுவார். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் மட்டும் பேனா நின்றுவிடும்.

"நீ சொல்லு சார், நான் எய்திடறேன்" என்பார்.

"நீங்களா யோசிச்சு எழுதுங்க காமாட்சி."

"வாயால சொன்னா காத்தோட பூடும் சார். எய்தினா நின்னுடும். தப்பா பூட்டா?"

அந்த பயத்துக்கு யார் காரணம் என்று நான் நெடுநாள் ஆராய்ந்தேன், என் சட்டைப்பையைத் தவிர எல்லா இடத்திலும்.

எதற்காக நிதி என்று முடிவு செய்யும் நாள் வந்தது. நூலகம் என்று வரும் என எதிர்பார்த்து, புத்தகங்களின் பெருமை பற்றி வீட்டிலேயே ஒரு சிற்றுரை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். காமாட்சி எழுந்தார். "கக்கூஸ் சார்" என்றார். மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. வேலையிலிருந்து நேரே வகுப்புக்கு வரும் பெண்கள் பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு ஓடுவார்கள். அவர்களுக்குப் படிப்பில் அக்கறை போதவில்லை என்று மாத அறிக்கையில் நான் எழுதி அனுப்பியிருந்தேன். எல்லாரும் கழிப்பறைக்குக் கை தூக்கினார்கள். என் சிற்றுரை இன்னும் என்னிடமே இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நன்கொடையை நான் கொடுத்தேன். போர்டில் இருந்த மாதிரியைப் பார்த்து முதல் ரசீதைக் காமாட்சி என் பேரில் எழுதி, கிழித்துக் கொடுத்தார். வாங்கினேன். என் கை சட்டைப்பைக்குப் போனது. ஒரு இடத்தில் சுழித்து, "இதைக் கவனிங்க" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ரெக்சின் பை எழுந்து வந்தது. அன்று இரண்டு மிட்டாய்.

எழுதுவதில் அப்படித் தயங்கிய காமாட்சி, வாயால் கேட்பதில் சூரர். அவர் பெருக்கும் அதே அடுக்குமாடியில், அதே வீடுகளின் மணியை அடித்து, "ஒக்காந்து போறதுக்கு ஒரு எடம் கட்டறோம் சார், நீங்களும் ஒரு செங்கல்லு வெய்ங்க" என்று கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஒரு இட்லி, சுண்டல் கடையும் போட்டார்கள். சேர்ந்த நிதியில் பெரும்பகுதி காமாட்சி கேட்டு வந்தது. கொத்தனாரைக்கூடப் பேசி வைத்துவிட்டோம்.

அப்போதுதான் ஏழுமலை விழுந்தார். பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றுக்கு வெள்ளை அடிக்கும்போது சாரம் சரிந்து, இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை இலவசமாகவே நடந்தது. ஆனால் அவர் எழுந்து நடக்க மாதக்கணக்கில் ஆகும். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதால் காமாட்சிக்கும் சம்பளம் இல்லை. வாடகை கொடுக்க முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுச் செய்யாறு பக்கம் மாமியார் ஊருக்குப் போக வேண்டியதுதான். வேலை, மகளின் பள்ளி, மாலை வகுப்பு எல்லாம் போய்விடும்.

காமாட்சி வராத அந்த வகுப்பில் காதர் பாய் எழுந்தார்.

"கக்கூஸ் எங்கயும் ஓடிப்போகாது சார். இத்தனை வருஷம் இல்லாம இருந்தோம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். அந்தப் பணத்தை அந்தம்மா கையில குடுத்துடலாம்."

எல்லாக் கையும் உயர்ந்தது. நான் எழுந்தேன். ஒரு காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை இன்னொரு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது, மக்கள் நம்மை நம்பிக் கொடுத்தது, நாணயம், பொறுப்பு, முன்னுதாரணம் என்று தொடங்கினேன். இன்று நினைத்துப் பார்த்தாலும் நான் சொன்னது தப்பில்லை. சொன்ன நீளம்தான் தப்பு. எதிரே இருந்தவர்களின் முகங்கள் இறுகிக்கொண்டே போனதைப் பார்த்தும் நிறுத்தத் தெரியவில்லை. மிட்டாய் வந்தது.

என் வாய் அடைபட்டதும் மேடம் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "சார் சொல்றது சரிதான். நீங்க சொல்றதும் சரிதான். அது யாரோட பணம்?"

யோசித்துவிட்டுக் காதர் பாய் சொன்னார். "குடுத்தவங்களோடது."

"அப்போ நீங்களும் சாரும் ஏன் சண்டை போடறீங்க? அவங்களைக் கேளுங்க. வாயால இல்ல, எழுத்துல கேக்கணும். பதிலும் எழுத்துல வாங்கணும்."

கடிதத்தை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மிட்டாய் கீழே விழப் பார்த்தது. மூடிக்கொண்டேன்.

அடுத்த வகுப்புக்குக் காமாட்சி வந்தார். தங்கையை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, முகம் சிவந்து, மூச்சு வாங்க வந்தார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா சார் இது? என் கதைய எய்தி வூடு வூடா எடுத்துகினு போவீங்களா? நான் கூட்டற வூட்டு வாசல்ல என் வூட்டுக்காரர் ஒடம்ப வெச்சு துட்டு கேப்பீங்களா? எனக்கு ஒண்ணும் வேணாம். கக்கூஸ கட்டுங்க."

இந்த இடத்தில் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மேடம் பதறவில்லை.

"வேண்டாம்னா விட்டுடலாம் காமாட்சி. உன் இஷ்டம்தான் பெருசு. வேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்துடு. ஃபைல்ல வெக்கணும்."

"நீ சொல்லு மேடம், எய்தறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? உன் வீடு, உன் வீட்டுக்காரர். நீதான் எழுதணும்."

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தனியே ஜன்னலோரம் உட்கார வைத்தார். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று எனக்குக் கண்ணாலேயே சொன்னார். நான் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதாகப் பேர் பண்ணிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். காமாட்சி ஒரு கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார், அடித்தார், வெளியே ரோட்டைப் பார்த்தார், மறுபடி எழுதினார். வகுப்பு முடியும்போது தாளை மடித்து மேடத்திடம் கொடுத்தார். மேடம் படித்துவிட்டு நெடுநேரம் அவரையே பார்த்தார். என்னிடம் காட்டவில்லை. இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று ஏதோ பேசினார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் காமாட்சியும் காதர் பாயும். காமாட்சி நல்ல புடவை கட்டியிருந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். காமாட்சி ஒரு தாளை நீட்டினார். வேண்டாம் என்று எழுத அன்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கேட்டே எழுதியிருந்தார். இப்படித்தான் எழுதியிருந்தது:

'நான் காமாட்சி. கக்கூஸ் கட்ட நான் கேட்டேன். நீங்க குடுத்தீங்க. இப்ப என் வீட்டுக்காரர் சாரத்துல இருந்து விழுந்து படுத்திருக்கார். வீட்டு வாடகைக்கு இல்லை. அந்தப் பணத்த எனக்குத் தரலாம்னு கூடப் படிக்கிறவங்க சொல்றாங்க. குடுத்தது நீங்க. அதனால உங்களையே கேக்கறேன். சரின்னா சரின்னு எழுதுங்க. வேணாம்னா வேணாம்னு எழுதுங்க. கோவம் இல்ல. நான் மறுபடியும் உங்க வாசலக் கூட்ட வருவேன். இதத் திருப்பித் தர முடியாது. ஆனா கக்கூஸ் கட்டாம விடமாட்டேன்.'

மாணவி வீடு தேடி வந்து கட்டுரையைக் காட்டுகிறாள் என்று பூரித்துப்போனேன். ஆணியில் சட்டை தொங்கியது. எட்டிப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். முதல் வரியில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது வரியில் இன்னொன்று போட்டுவிட்டு, "பேச்சு வழக்கு கொஞ்சம் அதிகமா இருக்கு காமாட்சி" என்று தொடங்கினேன்.

"சார், இன்னா பண்ற?"

"திருத்தறேன்மா."

"இது நோட்டு இல்ல சார். நீ பதில் எய்தணும். மொதல் ரசீது உன் பேர்லதானே கீது?"

காதர் பாய் சங்கடத்தோடு கூரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஆசிரியர் இல்லை. நன்கொடை கொடுத்த பலரில் ஒருவன். அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தது திருத்தம் கேட்டு அல்ல. 'சரி'யா 'வேண்டாமா' என்று கேட்டு.

ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். காமாட்சி இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மேடம் குடுத்து அனுப்பினாங்க. சார் பேனாவ எடுத்தார்னா குடுன்னாங்க."

உள்ளேயிருந்து என் மனைவியின் சிரிப்பு கேட்டது. மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"அய்யய்ய, இத்த எடுத்துகினு இன்னும் எத்தினி வூட்டுக்குப் போவணும், செவப்பா கிறுக்கி வெச்சிட்டியே சார்" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் காமாட்சி. பிறகு என் மனைவியிடம், "அக்கா, ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க" என்றார்.

என் மேஜை முன்னால், என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திருத்திய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். போர்டு இல்லை, மாதிரி இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இருந்த ஆளின் வாயில் மிட்டாய். தன் நீலப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு நிற்காமல். நடுவே ஒரு முறை மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் தாளில் இல்லாத இரண்டு வரிகள் புதிதாக வந்தன. நான் கோடு போட்ட இரண்டு இடங்களும் அப்படியே பழையபடி இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிட்டாயின் காரம் என்று காதர் பாயிடம் சைகையில் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

புதிய தாளின் கீழே நான் 'சரி' என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கட்டுரை அதுதான். சிவப்பில் எழுதினால் செல்லாது என்று காமாட்சி தன் பேனாவையே கொடுத்தார்.

இரண்டு பேர் 'வேண்டாம்' என்று எழுதினார்கள். அவர்கள் கொடுத்தது கழிப்பறைக்கென்றே இருந்தது. மற்ற எல்லாரும் 'சரி'. காமாட்சி குடும்பம் ஊருக்குப் போகவில்லை. அடுத்த அணி மறுபடியும் கழிப்பறைக்கே நிதி திரட்டியது. அந்த அணிக்கான நோட்டீஸை எழுதியது காமாட்சிதான். கட்டி முடித்தபோது கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தவர் ஏழுமலை, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி. பத்மாசனி மேடம் ஓய்வு பெற்றுப் போகும்போது எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தார். எனக்கு ஒரு பெரிய பாக்கெட் மிட்டாய்.

இதை முழுக்கத் திவ்யாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். லிங்க்கில் பணம் வந்தால் என்ன, கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவருக்காவது உங்கள் ஆட்கள் சொந்தமாக நாலு வரி எழுதட்டும், பாடம் அங்கேயிருந்து தொடங்கும் என்றேன். பரவாயில்லை, இந்த முறை சுருக்கமாகத்தான் சொன்னேன். திவ்யா கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? காமாட்சியம்மா உங்க வீட்ல உக்காந்து எழுதினாங்களே, உங்க சர்வீஸ்லயே பெஸ்ட் கிளாஸ் அதுதான்னு தோணுது. அதுல நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"மிட்டாய் சாப்பிட்டேன்மா" என்றேன்.